இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர்த் தேர் மூலை திரும்புவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ, என்னவோ! பார்க்காவிட்டால் அடுத்த கார்த்திகைக்குக் கட்டாயம் திருவண்ணாமலைக்கு வாருங்கள். ஏழாம் நாள் உற்சவத்தன்று ஐந்து தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி வரும். அவற்றில் பராசக்தி அம்மனின் தேரைப் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுப்பது வழக்கம். நேரான வீதியில் தேரை இழுக்கக் கை வலுவும் பக்தியும் இருந்தால் போதும். சங்கடமெல்லாம் மூலையில்தான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்கள் நேராக உருளுமே தவிர, இப்படி அப்படித் திரும்பா. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் தேருக்குப் பிரேக், அவர்கள்தான் ஸ்டியரிங். மூலை வருவதற்கு முன்பே கட்டையைக் கொடுத்து வேகத்தை அடக்கிவிடுவார்கள். பிறகு சக்கரத்தடியில் கட்டையைச் சாய்வாகச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேரின் முகத்தைத் திருப்புவார்கள். மூலைக்கு வந்து சேர்ந்த பிறகு கட்டையைத் தேடினால் என்ன ஆகும்? தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும்!

"மோட்டார் கார் படத்தைப் போட்டுவிட்டு இந்த அம்மாள் எதற்குத் தேரைப் பற்றிப் பேசுகிறாள்?" என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது. முப்பது வருஷம் அம்மன் தேர் வடத்தைப் பிடித்த இந்தக் கைகள், சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங்கையும் பிடித்தன. தெருவில் அல்ல, பந்தயத் தடத்தில்! எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சிரிக்காமல் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் அண்ணன் மகள். இருபத்தாறு வயது; ஒரகடத்தில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் இஞ்சினீயர். பெயரை எழுதினால், "அத்தை, ஆபீஸிலே எல்லாரும் படிப்பாங்க" என்று கோபித்துக்கொள்வாள். ஆகையால் பெயர் வேண்டாம். மூன்று வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவள் என்ன வாங்கினாள் தெரியுமா? நகையா? இல்லை. பத்து வயதான, செகண்ட் ஹாண்ட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று! இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. அதில் ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் புடவையோடு அதற்குள் இறங்கிய அழகைப் பார்த்து எதிர் வீட்டுக் குழந்தைகள் கை தட்டின.

வாங்கியதோடு நின்றாளா? "டிராக் டேக்குப் போகப் போறேன்" என்றாள்.

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழை இரவில் என் அண்ணன் செஞ்சி சாலையில் காரோட்டி வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஒரு மாடு வந்தது. பிரேக்கை மிதித்தார், அதே நொடியில் ஸ்டியரிங்கையும் ஒடித்தார். கார் சுழன்று போய்ப் புளியமரத்தில் மோதிற்று. கால் எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. கால் சரியாகிவிட்டது, இப்போது கிரிவலப் பாதையின் பதினாலு கிலோமீட்டரும் நடந்து வருகிறார். ஆனால் அன்று முதல் இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாராவது ஓட்ட, பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட வீட்டில் இப்படிப்பட்ட பேச்சு! கடைசியில் அண்ணி என்னைப் பார்த்து, "நீ கூடப் போறதா இருந்தா அனுப்பறேன். இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் வெகு நேரம் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

* * *

'டிராக் டே' என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் இது பந்தயம் அல்ல. யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சு கிடையாது. பரிசுக் கோப்பை கிடையாது. பந்தயத் தடத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டுகிற சாதாரண ஜனங்களைத் தங்கள் சொந்தக் காரிலேயே ஓட்ட விடுகிறார்கள். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ஆட்டோ வராது. எல்லாரும் ஒரே திசையில்தான் போக வேண்டும். கட்டணம் ஒரு நல்ல பட்டுப் புடவை விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரும் பிரேக் கட்டையும் தேய்கிற செலவு தனி. அதையும் சேர்த்தால் ஜரிகை கொஞ்சம் அகலமாகிவிடும்!

நம் நாட்டில் இதற்கென்று உள்ள தடங்கள் வெகு சில. அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. கார் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அமைத்த தடம் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள்.

அந்தக் கிளப் அதைவிடப் பழையது, 1953-ல் ஆரம்பித்தது. சொந்தத் தடம் கிடைக்கும்வரையில் அவர்களுக்குச் சோழவரம்தான் கதி. சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. பட்டணத்து ஜனங்கள் கட்டுச் சாதத்தோடு போய் வேடிக்கை பார்த்தார்கள். கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் தம் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். விஜய் மல்லையா 1980-களின் தொடக்கத்தில் பழைய 'ஃபார்முலா ஒன்' கார் ஒன்றையே அங்கே இறக்கினார். கல்லூரி மாணவராக இருந்த என் அண்ணன் பஸ் ஏறிப் போய் அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர். கார் போன பிறகுதான் சத்தம் வந்தது என்று வீட்டில் வந்து அளப்பார். பள்ளிப் பெண்ணான நான் அவ்வளவையும் நம்பினேன்.

சோழவரத்துப் பெயர்களில் மறக்கக் கூடாத ஒரு பெயர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். பணம் படைத்தவர்கள் வெளிநாட்டுக் காரை வரவழைத்துப் பந்தயம் விட்டால் ஏழை வீட்டுப் பையன் என்ன செய்வான் என்று யோசித்த மனிதர் அவர். நம் ஊர் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் கார் ஒன்றைச் செய்தார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்தது அந்த ஃபார்முலா மாருதியில்தான். அவரே பிறகு 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்காவில் நாலாவதாக வந்தார். "ஆறு காருதானே ஓடிச்சு!" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். டயர் நம்பிக்கையில்லை என்று மற்றவர்கள் விலகிக்கொண்டால் அது ஓடினவர் குற்றமா?

நடிகர் அஜித் குமாரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2002-ல் இதே ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாயில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள்.

இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் 1907-ல் ஒரு தடம் கட்டினார்கள். மோட்டாருக்கென்றே கட்டிய தடங்களில் அதுதான் உலகத்திலேயே ஆதி. அந்நாளில் அந்த நாட்டுச் சாலைகளில் மணிக்கு இருபது மைலுக்கு மேல் போனால் குற்றம். வேகமாக ஓட்டிப் பார்க்க ஒரு இடம் வேண்டாமா என்று ஒரு தனவந்தர் தம் நிலத்திலேயே கட்டினார். மறு வருஷமே அங்கே பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடந்தது. பந்தயத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வளையல் பந்தயம்'! முரியல் தாம்ஸன் என்ற மாது ஜெயித்தாள். அதே தடத்தில் 1935-ல் கே பெட்ரி என்ற பெண்மணி ராட்சத எஞ்சின் வைத்த ஒரு காரில் மணிக்கு ஏறக்குறைய 217 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினாள். அவள் உயரம் ஐந்து அடிகூட இல்லை. கால் எட்டுவதற்காக மிதிகளில் கட்டை வைத்தார்களாம். நம் சென்னையிலேயே அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு சரிக்குச் சரியாகப் போட்டியிட்டுப் பெயர் வாங்கியிருக்கிறார்.

* * *

இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். சேத்துப்பட்டு, வந்தவாசி, காஞ்சிபுரம் வழி. தை மாதத்துப் பனி. அண்ணி இரண்டு பேருக்கும் விபூதி இட்டு, ஒரு டப்பாவில் புளியோதரையும் பிளாஸ்கில் காப்பியும் கொடுத்தாள். "அவளை முழுசா கூட்டிண்டு வா" என்று சொல்லவில்லை; என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அவ்வளவுதான்.

பொழுது விடிந்தபோது இருங்காட்டுக்கோட்டை. முப்பது கார்களுக்குக் குறையாது. கோடி ரூபாய் பெறுமான கார் பக்கத்தில், அலுவலகம் போகிற சாதாரணச் சின்னக் கார். ஆண்கள் கூட்டம்தான், பெண்கள் எங்களைச் சேர்த்து நாலு பேர்.

முதலில் கார்ச் சோதனை. டயர் தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, பாட்டரி இறுகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில்கூட! அது உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? என் புளியோதரை டப்பாவும் வெளியேற்றப்பட்டது. வீட்டுக் காரிலும் ஓட்டுகிறவர் காலடியில் செருப்பு, பாட்டில் இவற்றைப் போட்டு வைக்கிற வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

பிறகு ஆள் சோதனை. ஹெல்மெட், பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, மூடிய பூட்ஸ். புடவை கூடாது, துப்பட்டாவும் கூடாது. இதில் எனக்குக் கோபமில்லை. இஸடோரா டங்கன் என்ற பிரசித்தி பெற்ற நர்த்தகி 1927-ல் பிரான்சில் திறந்த காரில் போனபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீளமான சால்வை சக்கரத்தில் சிக்கி உயிர் விட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் சகோதரிகளே, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்!

அடுத்தபடியாக வகுப்பு. கொடி பாஷை கற்றுக்கொடுத்தார்கள். மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னே அபாயம். வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது. மெதுவாக வந்து சேர். நீலம் என்றால் உனக்குப் பின்னால் உன்னைவிட வேகக்காரன் வருகிறான், வழி விடு. கறுப்பு என்றால் நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய், உள்ளே வா. கட்டம் போட்ட கொடி முடிவுக்கு. முந்துவது நேரான பகுதியில் மட்டும்தான். அதுவும் முன்னே போகிறவர் கை காட்டினால்தான். "இவ்வளவு மரியாதை நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றேன். என் மருமகள் 'உஸ்' என்றாள்.

கற்றுக்கொடுத்தவர் நரைத்த தலையர்; பல வருஷம் பந்தயம் ஓட்டியவர். அவர் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினதெல்லாம் பிரேக்கைப் பற்றித்தான். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் பத்து மீட்டரில் நிற்கிற கார், நூறில் நாற்பது மீட்டர் ஓடித்தான் நிற்கும். அதுவும் காலை வைத்த பிறகு! 'ஐயோ' என்று மனத்துக்குத் தோன்றி, அது காலுக்கு எட்ட ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியிலேயே இருபத்தெட்டு மீட்டர் போய்விடும்.

பிறகு டயரைப் பற்றிச் சொன்னார். இதை நான் நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஒரு டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய உள்ளங்கை அகலம்தான். நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான் முழுக் காரையும் சாலையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. இவ்வளவுதான் என்று அளவு உண்டு. முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால், திரும்புவதற்குக் கையில் காலணா மிச்சம் இராது. முழுவதையும் திரும்புவதற்குச் செலவழித்துவிட்டு, அதே சமயம் பிரேக்கையும் மிதித்தால், கடன்தான். கார் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துக்கொள். பிறகு காலைத் தளர்த்தித் திருப்பு. திரும்பி முகம் நேரான பிறகு வேகம் கொடு.

கேட்டதும் எனக்கு முதலில் தேர்தான் ஞாபகம் வந்தது. அடுத்த நிமிஷம் செஞ்சி சாலையும் மழையும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே நொடியில்... பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியை எழுதி, அதன் கீழ் இரண்டு தடவை கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இவள் எதற்காக இங்கே வந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

* * *

முதல் ஓட்டம் இருபது நிமிஷம். முன்னால் ஒரு வழிகாட்டிக் கார் போக, வாத்துக் குஞ்சுகள் போல் எல்லாரும் பின்னால் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் முகம் முழுவதும் சிரிப்பு.

இரண்டாவது ஓட்டத்தில் வழிகாட்டி கிடையாது. நான் சுவருக்குப் பின்னால் நின்று, அவள் கார் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு விரலை மடக்கினேன். ஐந்தாவது விரலை மடக்கியாகிவிட்டது. ஆறாவது தடவை கார் வரவில்லை. தூரத்தில் யாரோ மஞ்சள் கொடியை ஆட்டினார்கள்.

நேயர்களே, அந்த அரை நிமிஷத்தை நான் எழுத விரும்பவில்லை. கையிலிருந்த பிளாஸ்க் மூடி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. இதே தடத்தில் 2023 ஜனவரியில், ஐம்பத்தொன்பது வயதான அனுபவசாலி கே. இ. குமார் கார்ப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்றே வயதான ஒரு சிறுவன் இறந்தான். இவ்வளவும் முந்தின இரவு நான் அண்ணிக்குத் தெரியாமல் படித்து வைத்திருந்தவை. தடம் என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பந்தயத்தை விட டிராக் டேயில் ஆபத்து குறைவு; சாலையில் வேகமாக ஓட்டுவதை விடக் குறைவு. அவ்வளவுதான் உண்மை.

கார் மெல்ல வந்தது. முன் பக்கத்தில் ஒரு கைப்பிடிப் புல் செருகியிருந்தது. வேறு சேதம் ஒன்றுமில்லை. ஒரு வேகமான வளைவின் நடுவில் "ரொம்ப வேகமா வந்துட்டோமோ" என்று பயந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டாள். காலை எடுத்ததும் காரின் பாரமெல்லாம் முன்னுக்கு வந்தது. பின் சக்கரங்கள் லேசாகிப் பிடிப்பை விட்டன. வால் முன்னே வந்து, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, புல்லில் போய் நின்றது.

நரைத்த தலையர் திட்டவில்லை. "பயம் வர்றது நல்லதும்மா. ஆனா அது வளைவுக்கு முன்னாடியே வரணும்" என்றார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "போலாம் அத்தை. வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

அண்ணியை நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டதும் இதுதானே? சாமானைத் தூக்கி வைத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான் நியாயம். ஆனால் பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற ஒருவரை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்னொருவர் வேண்டாம்.

"அடுத்த ஓட்டத்துக்கு மணி அடிக்கப் போறாங்க. மெதுவா நாலு சுத்து சுத்திட்டு வா" என்றேன்.

"நீங்களும் வரீங்களா?"

வராமல் என்ன செய்வது? யாரோ ஹெல்மெட் கொடுத்தார்கள்.

பக்கத்து ஆசனத்திலிருந்து பார்த்தால் வேகம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பிரேக்தான் தெரிகிறது! பெல்ட் மார்பை அழுத்துகிறது. தொண்டையில் புளியோதரை எட்டிப் பார்க்கிறது. அந்த வளைவு வந்தது. அவள் உதடுகள் அசைந்தன. ஸ்லோகமோ என்று நினைத்தேன். "பிரேக்... விடு... திருப்பு... பாரு..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கார் கோலத்து இழை மாதிரி வளைந்து வெளியே வந்தது. எங்களைக் கடந்து போன கார்கள் எத்தனை என்று எண்ணவில்லை. நீலக் கொடிக்காரர் எங்களுக்கென்றே நின்றார் போலிருக்கிறது. அவள் ஒவ்வொருவருக்கும் கை காட்டி வழி விட்டாள்.

கடைசி ஓட்டத்தில், நரைத்த தலையர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன்! திருவண்ணாமலையில் பதினைந்து வருஷமாகக் காய்கறி மார்க்கெட்டுக்குக் காரோட்டுகிறவள்தான். ஆனாலும் கால் நடுங்கிற்று. "மூக்குக்கு முன்னாடி பாக்காதீங்கம்மா. போக வேண்டிய இடத்தைப் பாருங்க, கை தானா அங்கே போகும்" என்றார். அது மெய்தான். ஸ்டியரிங் கையில் உயிருள்ள பிராணி மாதிரி பேசுகிறது. நேரான பகுதியில் ஒரே ஒரு தடவை மணிக்கு நூற்றுப் பத்தைத் தொட்டேன். அண்ணி இதைப் படிக்கும்போது அந்த எண்ணை யாராவது எண்பது என்று மாற்றி வாசித்துவிடுங்கள். மூன்று சுற்று முடிந்து இறங்கியபோது ரவிக்கை தோய்ந்து நனைந்தது போல் ஆகியிருந்தது. உடனே ஹாண்ட் பிரேக்கைப் போடப் போனேன், கூடாது என்றார். கொதிக்கிற பிரேக்கை இறுக்கிக் கட்டினால் கெட்டுப்போகுமாம். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆற வைத்த பிறகும் அதன் அருகில் கை வைக்க முடியவில்லை.

* * *

போக ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காரை உபயோகித்தால் நஷ்ட ஈடு இல்லை என்று நம் நாட்டுப் பாலிசிகளில் போட்டிருக்கிறது. தடத்தில் கார் நசுங்கினால் செலவு உங்களுடையது. டிராக் டேக்காரர்களிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கிற கடிதத்திலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

இன்னொன்று, பிள்ளை வளர்க்கிற தாய்மார்களுக்கு. இரவு பதினொரு மணிக்குமேல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பையன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ பைபாஸுக்கோ போகிறான் என்றால், எதற்கு என்று கேளுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரையில் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவை ஒரு வருஷம் வரையில். சட்டம் கிடக்கட்டும், சாலையில் மஞ்சள் கொடி ஆட்ட ஆள் கிடையாது.

திரும்பி வரும்போது வந்தவாசி வரை நானே ஓட்டினேன். அவள் தூங்கிப் போனாள். வீடு சேர இரவு பத்து மணி. அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். பெண்ணைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தோசை வார்க்க உள்ளே போனாள். கார் சுழன்றதை மறைப்பதா, சொல்வதா என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வீணாயிற்று. அந்தப் பெண்ணே, அப்பாவின் ஈஸிசேர் அருகில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "காலை எடுத்தப்போ ஸ்டியரிங் திருப்பியிருந்ததா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"ரெண்டும் சேர்ந்து செஞ்சா நிக்காது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கு எனக்கும் அதுதான்" என்றார். ஆறு வருஷத்தில் அந்த இரவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

மறு நாள் காலை நாலரை மணிக்கு வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தேன். தெருவில் யாருமில்லை. கார் நின்றிருந்தது, அவள் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரையில் தலை இடிக்காமல், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, முன் ஆசனத்துக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.